நெல்லும் உப்பும்: குடவாயிலிலிருந்து இடையன்குடி வரை



குடவாசலில் கூடும் எந்த இலக்கிய அவையும் முதற்கண் நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர் குடவாயிற் கீரத்தனார். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு ஆகிய நான்கு தொகைகளிலும் இடம்பெற்ற புலவர் அவர். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது முல்லைப் பூவை நோக்கி அவர் கேட்ட கேள்வி புறநானூற்றின் 242ஆம் பாட்டாக நின்று இன்றளவும் படிப்பவர் நெஞ்சை உலுக்குகிறது. அது பலரும் அறிந்த செய்தி. பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய இப்புலவர், அகநானூற்றில் மருதத்தைவிடப் பாலையையே மிகுதியாகப் பாடினார். நெய்தலையும் பாடினார். 60ஆம் அகப்பாட்டில் ஒரு பரதவர் மகள், உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் சோற்றை, அயிலை மீன் இட்ட புளிக்கறியோடு, கடலில் வேட்டம் முடித்து வந்த தந்தைக்குப் படைக்கிறாள். சோழர் குடந்தையில் காவலோடு வைத்த நிதியும் அதே பாட்டில் வருகிறது.

நெய்தலில் நெல் விளையாது; மருதத்தில் உப்பு விளையாது. இரண்டும் ஓரிலையில் சேர்ந்தால்தான் உணவு. கீரத்தனார் காட்டிய இந்தப் பண்டமாற்று பொருளுக்கு மட்டும் உரியதன்று, மொழிக்கும் உரியது. காவிரிப் படுகை தமிழுக்குப் பாட்டைத் தந்தது, பண்ணைத் தந்தது, ஏடுகளைக் காத்த சரசுவதி மகாலைத் தந்தது. ஆனால் அச்சேறிய உரைநடை நெல் விளையும் மண்ணில் முதலில் வேர் பிடிக்கவில்லை. உப்புக் காற்று வீசும் கடற்கரை மணலிலும், பனையன்றி வேறு மரம் எளிதில் நிற்காத செம்மணல் தேரியிலும்தான் அது வளர்ந்தது. குடவாசலிலிருந்து காரில் புறப்பட்டுக் கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்று, பழைய மறைப்பணித் தளங்களைக் கண்டு, திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியில் முடியும் பயணம் ஒன்றை மேற்கொள்பவருக்கு இது கண்கூடாக விளங்கும். நான்கு நாள் போதும். அப்பயணத்தின் வழியே ஒரு கேள்வியை எழுப்புவதே இவ்வுரையின் நோக்கம்: தமிழ் உரைநடையின் கணக்கில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா?

தரங்கம்பாடி

நன்னிலம், காரைக்கால் வழியே செல்பவர் முற்பகலிலேயே தரங்கம்பாடியை அடைந்துவிடலாம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டென்மார்க் நாட்டு வணிகர் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அருகிலேயே மாசிலாமணிநாதர் கோயில்; மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையின் உயிர்களையும் கொண்டுபோயிற்று. கடல் எடுத்தது போக எஞ்சியதே இங்கு வரலாறு.

1706 சூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர் இக்கரையில் இறங்கினர். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார் என்பர். இரண்டே ஆண்டில், 1708இல், தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். அதே ஆண்டின் இறுதியில் டேனியத் தளபதியோடு ஏற்பட்ட பூசலால் டான்ஸ்பர்க்கிலேயே நான்கு மாதம் சிறையிருந்தார். பின்னர் அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து தாளைத் தின்றன. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர் என்பது அச்சு வரலாற்றில் சுவையான செய்தி. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. தாளுக்காகப் பொறையாற்றில் ஓர் ஆலை தொடங்கினர். கடுதாசிப்பட்டறை என்று அது ஊரார் நாவில் இடப்பெயராக நிலைத்துவிட்டது. 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே மறு ஆண்டு, முப்பத்தாறு வயதில், சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டார்.

இதுவரை சொன்னவை பாடநூல்களிலும் உள்ளவை. தரங்கம்பாடித் தெருவில் நடப்பவர் நின்று நினைக்க வேண்டிய இரண்டு செய்திகள் பாடநூலில் அரிதாகவே காணப்படும்.

முதலாவது, தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு குறித்துச் சீகன்பால்க் 1713இல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய நூல். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளைப் பரப்புவதா என்று அங்கிருந்த தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். ஏறத்தாழ 150 ஆண்டு கிடப்பில் இருந்த அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. மாற்ற வந்தவரே கற்றுக்கொண்டவராக மாறிய ஒரு மனத்தை அவரை அனுப்பியவர்களே பூட்டி வைத்தார்கள்.

இரண்டாவது, 1712 முதல் 1714 வரை தமிழர் பலர் எழுதிய கடிதங்கள். சமயம், சாதி, பெண்கள் நிலை, விதி, கல்வி, மருத்துவம் எனப் பாதிரிமார் கேட்ட வினாக்களுக்கு விடையாக எழுதப்பட்டவை; நூற்றை அணுகிய எண்ணிக்கையின. பணிந்து போகாமல் எதிர்க் கேள்வி கேட்கும் கடிதங்களும் அவற்றுள் உண்டு. அவற்றில் பெரும்பகுதிக்குப் பின்னே இருந்தவர் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அழகப்பன் என்று ஆய்வாளர் கருதுவர். மூலத் தமிழ் அழிந்தது. ஜெர்மன் மொழிபெயர்ப்பே எஞ்சியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணத் தமிழர் சிந்தித்ததைச் சொல்லும் அரிய உரைநடைத் தொகுதியொன்று இன்று ஜெர்மன் மொழியிலிருந்து மீண்டும் தமிழாக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது. சீகன்பால்குக்குச் சிலை உண்டு. அழகப்பனுக்கு ஒரு தெருப்பெயரேனும் உண்டா என்று தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

உரையாசிரியர்களும் உரைநடையும்

இவ்விடத்தில் ஒரு தடை எழுவது இயல்பு. இறையனார் களவியலுக்கு உரை இல்லையா? இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் எழுதியது உரைநடை அன்றா? கோயில் சுவரெல்லாம் கல்வெட்டு உரைநடையாகவே நிற்கவில்லையா? இத்தடை நேர்மையானது, விடையும் நேர்மையாகவே அமைய வேண்டும். தமிழில் உரைநடை இருந்தது, செழுமையாகவே இருந்தது. ஆனால் உரையாசிரியர் உரை ஒரு செய்யுளைச் சார்ந்து, கற்றோருக்காக நின்றது. கல்வெட்டு ஓர் ஆணையையோ கொடையையோ சார்ந்து நின்றது. செய்யுள் அறியாத ஒருவரை முன்னிலைப்படுத்தி, அவர் பேசும் சொல்லிலேயே, நூலளவில் விரித்துப் பேசும் உரைநடைக்கு அதுவரை பெருந்தேவை எழவில்லை. அத்தேவையைக் கொண்டுவந்தவர்கள் மறைப்பணியாளர்கள். தேவைக்குச் சொல் கொடுத்தவர்களோ கரையில் வாழ்ந்த மக்கள்.

'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடியில் முன்சீபாகப் பணியாற்றியவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1879இல் அந்நாவல் வெளிவந்தபோது, தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையை அவர் தம் முன்னுரையில் எடுத்துக்காட்டினார். கடற்கரையில் தொடங்கிய உரைநடை மருதநிலத்துக்குள் கதையாக நுழைந்த வழி அது.

நாகையிலிருந்து ஓரியூர் வரை

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரணியம். வேதாரணியத்தில் உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய மண் இது. கீரத்தனார் பாட்டின் உப்பு, அரசை எதிர்க்கும் படைக்கலமாகவும் ஆயிற்று. அங்கிருந்து மேற்கே திரும்பிக் கரையோடு சென்றால் மல்லிப்பட்டினத்தை அடுத்து மனோரா. நெப்போலியன் வீழ்ச்சியைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி மன்னர் 1814இல் எழுப்பிய கோபுரம். உலகின் மறுகோடியில் நடந்த போருக்குத் தஞ்சை மன்னர் ஏன் கல் நட்டார் என்று எண்ணும்போது, கடல் எவ்வளவு நெருக்கமான சாலையாக இருந்தது என்பது புலப்படும்.

அந்த மன்னரின் அவையில் இடம்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பிறந்தது திருநெல்வேலியில். சுவார்ட்சு பாதிரியார் அவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துவந்தார்; தரங்கம்பாடியிலும் அவர் கற்றார். குறவஞ்சி என்னும் மக்கள் வடிவத்தில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். எதிர்த் திசையிலும் ஒருவர் போனார். தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் ஒருவர் 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்சிடம் திருமுழுக்குப் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1785இல் அங்கு ஆலயம் எழக் காரணமாக இருந்தார். நெல்லைச் சீமையின் பெருஞ்சபை ஒன்றின் தொடக்கத்தில் நிற்பவர் தஞ்சையிலிருந்து போன ஒரு பெண். அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவல் இவரைப் பற்றியதே. தெற்கு தந்தது ஒரு புலவரை. தஞ்சை தந்தது ஒரு பெண்ணை. நெல்லும் உப்பும் போலவே இதுவும் ஒரு மாற்று.

தொண்டியைக் கடந்து உள்ளே சென்றால் ஓரியூர். அருளானந்தர் எனத் தம்மைத் தமிழாக்கிக்கொண்ட ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே தலை வெட்டுண்டு இறந்தார். அவ்விடத்து மணல் சிவந்திருக்கிறது. அவர் குருதியால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. கிறித்தவர் மட்டுமன்றிப் பிறரும் அம்மணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றனர். இந்தச் செம்மணலைப் பயணி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேரியில் அது மீண்டும் வரும்.

முத்துக்குளித்துறை

தூத்துக்குடியிலிருந்து தொடங்கும் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். 1530களில் இக்கரைப் பரதவர்கள் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். முத்துத் துறைகளின் மேல் தங்களுக்கிருந்த உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணை அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஊரார் சிலரை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சொல்லிக்கொடுத்தார். அந்த ஊரார் யார் யார் என்று வரலாறு எழுதி வைக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார். 1600இல் மறையும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கரையிலேயே வாழ்ந்தார். பரதவரிடம் பேசிப் பேசித் தமிழ் கற்று, அதன் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பனில் உள்ளது. தொல்காப்பியமோ நன்னூலோ அவர் முன் இல்லை. கடலோர மக்களின் பேச்சே அவருக்கு இலக்கண நூல். பதினாறாம் நூற்றாண்டில் தமிழர் பேசிய தமிழ் எப்படியிருந்தது என்று அறிய விரும்பும் மொழியியலார் இன்று அந்த ஏட்டைத்தான் நாடுகின்றனர்.

1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. பதினாறு பக்கம். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1586இல் 'அடியார் வரலாறு'. பல நூறு பக்கங்கள் கொண்ட அது முத்துக்குளித்துறைக் கரையில், புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. 'தம்பிரான் வணக்க'த்தின் படி ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தனிநாயகம் அடிகளார் தமிழுலகுக்கு அறிவித்தார், 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகளார் அதைப் பதிப்பித்தார்.

இந்த அச்சுப் பணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பரதவர்கள் திரட்டித் தந்தார்கள். மூச்சடக்கிக் கடலடியில் இறங்கி, சிப்பி எடுத்து விற்ற பணம். தமிழின் முதல் அச்செழுத்துகளுக்கு ஈயம் வாங்கிக் கொடுத்தவர் மன்னர் அல்லர், மடாதிபதி அல்லர், முத்துக்குளிப்பவர். தமிழ் அச்சு வரலாற்றை எழுதும் எவரும் இந்த ஒரு தொடரை முதற்பக்கத்தில் எழுத வேண்டும்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இன்று புன்னைக்காயல் ஒரு மீனவச் சிற்றூர். அச்சகத்தின் சுவடு ஏதும் அங்கில்லை. சற்று உள்ளே கொற்கை; பாண்டியரின் பழைய முத்துத் துறையான அதுவும் கடல் விலகியதால் வயலூராகிவிட்டது. தரங்கம்பாடியில் கடல் வந்து எடுத்தது; கொற்கையில் கடல் போய்விட்டது.

சாயர்புரமும் ஒரு யாத்திரைக் காப்பியமும்

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே சாயர்புரம். 1842இல் ஜி. யு. போப் இங்கே வந்து கல்விக்கூடம் நடத்தினார். திருக்குறளையும் (1886) திருவாசகத்தையும் (1900) ஆங்கிலத்தில் தந்த போப் தமிழ் கற்றுத் தேறிய இடங்களில் இச்சிற்றூரும் ஒன்று. இங்கேதான் 1853இல் கிருஷ்ண பிள்ளை தமிழாசிரியராக அமர்ந்தார். வைணவ மரபில் கம்பனைத் தோய்ந்து கற்றவர். 1858இல் கிறித்தவரானார். ஜான் பனியனின் பயணக் கதையை அடியொற்றி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியம் தந்தார். ஆங்கில மூலம் எளிய உரைநடை. செருப்புத் தைப்பவனும் படிக்கும் நடை. தமிழில் அது கம்பனின் விருத்தமாயிற்று.

இதில் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. உரைநடை தேடிக் கடற்கரைக்கு வந்த சமயம், தமிழின் செய்யுளால் வெல்லப்பட்டது. வந்தவர் கொடுத்ததை மட்டும் பேசுவோரும், வந்தவர் கெடுத்ததை மட்டும் பேசுவோரும், வந்தவரைத் தமிழ் என்ன செய்தது என்பதைப் பேச மறக்கிறார்கள்.

தேரி

திருச்செந்தூரைக் கடந்ததும் நிலம் சிவக்கிறது. காயாமொழி, குதிரைமொழி, சாத்தான்குளம் என விரியும் இச்செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, வறண்டு, இங்கே மணலை மட்டும் கிளப்புகிறது. மணல் துகள்மேல் படிந்த இரும்பு உயிரகையே சிவப்புக்குக் காரணம். ஒரு காலத்தில் இம்மேடுகள் நகர்ந்து வயலையும் வழியையும் மூடின. பனையும் உடையும் முந்திரியும் நட்டு அவற்றை ஓரளவு கட்டிப்போட்டனர். இம்மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றிச் சாய்னரும் பிரிட்ஜட் ஆல்ச்சினும் 1956இல் ஆய்வுரை வெளியிட்டனர். மனிதக் கால் இங்கே பட்டது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்.

தொல்காப்பியர் பாலையை நடுவுநிலைத் திணை என்றார். அதற்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோ. குதிரைமொழித் தேரியின் உச்சியில் நிற்பவர் இந்த இரண்டுக்கும் அடங்காத ஒன்றைக் காண்பார். காலடியில் நடையைச் சுடும் செம்மணல். கிழக்கே சில கல் தொலைவில் கடல். பாலையும் நெய்தலும் இங்கே தோளோடு தோள் நிற்கின்றன. நூல் தராத நிலத்தைக் காற்று தந்திருக்கிறது. பிரிவும் இரங்கலும் அடுத்தடுத்து வாழும் இடம் என்று இதைப் பாடக் கவிஞர் ஒருவர் வர வேண்டும்.

தேரிக் குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை முடிவில் அங்கே கள்ளர்வெட்டு என்னும் விழா நடக்கும். விழா முடிந்ததும் மக்கள் முண்டியடித்துச் செம்மணலை அள்ளி மடியில் கட்டிக்கொள்வர். ஓரியூரில் கண்டது இதுவே. பெயர் வேறு, சமயம் வேறு. மண்ணும் மடியும் ஒன்று. மறைப்பணித் தளங்களைக் காணப் புறப்பட்டவர் அவற்றுக்கு முன்னும் அப்பாலும் உள்ள ஒன்றை இங்கே காண்கிறார்.

மணல் திட்டு கடலுக்குள் நீளும் மணப்பாடும் அருகிலேயே உள்ளது. சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், மேலே திருச்சிலுவை ஆலயமும் உண்டு. உள்ளே திரும்பினால் மெய்ஞ்ஞானபுரம்; 1837இல் வந்த ஜான் தாமஸ் தேரி மணலைத் தோப்பாக்கி, 190 அடிக்கு மேல் உயர்ந்த கோபுரத்தோடு தூய பவுல் ஆலயம் எழுப்பினார். அடுத்து முதலூர். துன்புறுத்தப்பட்ட புதுக் கிறித்தவர்களுக்குப் புகலிடமாக 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் தமிழ் உபதேசியார் முன்னின்று அமைத்த ஊர் அது. வெள்ளைப் பாதிரிமார் பெயர்களுக்கிடையே தப்பி நிற்கும் ஒரு தமிழ்ப் பெயர்.

இடையன்குடி

பயணத்தின் முடிவு இடையன்குடி. 1841இல் இராபர்ட் கால்டுவெல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டுத் தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சை, நீலகிரி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். மொழியையும் மக்களையும் அறிய நடையே வழி என்று கருதினார். அரை நூற்றாண்டு இவ்வூரில் வாழ்ந்தார். 1856இல் வெளிவந்த 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' இந்தச் செம்மணலில் இருந்தபடி எழுந்தது. 1847இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் 33 ஆண்டு கழித்து 1880இல் நிறைவுற்றது. 1891இல் கொடைக்கானலில் மறைந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தனர். அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியுள்ளது. அவர் மனைவி எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தி, பின்னல் வேலையும் கற்பித்தார். நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் பாதிரியாரின் மகளான அவருக்குத் தமிழ் இளமையிலேயே பழகியிருந்தது.

தமிழ் தனித்து நிற்கும் மொழி என்பதை உலகுக்கு உரத்துச் சொன்னவர் கால்டுவெல். அதே கால்டுவெல், தம்மைச் சுற்றி வாழ்ந்த பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் எழுதிய நூலில் அவர்கள் அறிவையும் வழிபாட்டையும் தாழ்த்தி எழுதினார். நாடார் சமூகத்தார் அந்நூலைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்த்ததில் நியாயம் இருந்தது. இரண்டும் ஒருவரே எழுதியவை. இரண்டும் ஒரே ஊரில் எழுதப்பட்டவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது ஆய்வு ஆகாது. யாருடைய பேச்சு அவருக்கு மொழியைக் கற்பித்ததோ அவரையே அறிவில் குறைந்தவராக எழுத முடிந்தது என்பதுதான் இந்தப் பயணம் முழுவதும் தொடரும் முரண். அழகப்பன், சவேரியாருக்கு மொழிபெயர்த்த ஊரார், அண்டிரிக்கிடம் பேசிய முத்துக்குளிப்பவர், கால்டுவெல்லைச் சூழ்ந்த பனையேறிகள் ஆகிய யாவரும் சொல் கொடுத்தவர்கள். பெயர் பெற்றவர்கள் வேறு.

கவிஞர்க்கு

மறைப்பணியாளர்மேல் மட்டும் இக்குறையைச் சுமத்துவது எளிது. மருதநிலத்துப் புலமை அந்த மக்களை அதற்கு முன் ஏறெடுத்துப் பார்த்ததா என்பதே கடினமான கேள்வி. கீரத்தனார் பார்த்தார். அவருக்குப் பின் நெடுங்காலம் நெய்தலும் பாலையும் ஏட்டுத் திணைகளாகவே நின்றன. காணாத கடலைப் பாடுவது மரபாயிற்று. அந்த மௌனத்தை அண்மைக் காலத்தில் உடைத்தவை நாவல்கள். பனையேறிகளின் வாழ்வை ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் சொன்னது. தென்கரை மீனவக் கிறித்தவரை வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' சொன்னது. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு'ம் 2009இல் 'கொற்கை'யும் எழுதினார்; பின்னது 2013ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உரைநடைக்குச் சொல் கொடுத்த கரை நானூறு ஆண்டுக்குப் பின் தன் கதையைத் தானே எழுதத் தொடங்கிவிட்டது. கவிதை இன்னும் அந்த அளவு அங்கே போகவில்லை.

போவதற்குக் காலம் குறுகி வருகிறது. கடற்கரைத் தாது மணலை வரம்பின்றி அள்ளியதால் 2013இல் அரசு தடை விதிக்க நேர்ந்தது. குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டுக்கு அது வேண்டியதாகவே இருக்கலாம். ஆயினும் நிலத்தின் முகம் மாறும். பனையேறும் தொழிலுக்கு இளையோர் வருவது அருகிவிட்டது. தொழில் போனால் சொல் போகும். பதனீர் காய்ச்சும் குடிலுக்கு விடிலி என்று பெயர். கடல் நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். மேல்காற்றைக் கச்சான் என்றும், கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும் அழைப்பர். கொண்டலும் வாடையும் சங்கப் பாட்டில் உண்டு; ஏட்டில் உள்ள அவற்றை இன்றும் வாயில் வைத்திருப்பவர் வலை இழுப்பவர்கள்தாம். தெற்குக் கரையில் அவர்கள் சோழகம் என்று சொல்லும்போது, சோழநாட்டில் இருப்பவர் காதில் அது விழ வேண்டும்.

ஆதலின் இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறை உறுப்பினர் சிலரேனும் இந்தச் சாலையில் செல்லுதல் வேண்டும். ஆலயங்களின் உயரத்தை அளந்துவிட்டுத் திரும்புதல் போதாது. ஏலக்கூடத்தில் நின்று மீன் பெயர்களைக் கேட்க வேண்டும். விடிலியின் நிழலில் அமர்ந்து பனையேறி சொல்லும் சொற்களை எழுதிக்கொள்ள வேண்டும். சொன்னவர் பெயரையும், அவர் இசைந்தால், பக்கத்திலேயே எழுத வேண்டும். சீகன்பால்கும் கால்டுவெல்லும் பெரும்பாலும் செய்யாமல் விட்ட பணி அதுவே. அப்படித் திரட்டிய சொற்களைக் கொண்டு பாடப்படும் ஒரு பாலைப் பாட்டு, ஒரு நெய்தற் பாட்டு இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரில் இடம்பெறுமானால், உப்புக்கு நெல் கொடுத்த பழைய வழக்கம் குடவாயிலில் மறக்கப்படவில்லை என்று பொருள்.